மூன்றாவது டெப்பட்

ஒக்டோபர் 7, செவ்வாய். இத்தா 96

காலையில் வெயில். மூன்று மணிக்கு இடி, நாலு மணிக்கு மழை, நேற்றைப் போலவே. வெள்ளைச் சேலைகள் இன்றும் காயவில்லை. அறைக்குள் கயிறு கட்டியாயிற்று.

மகன் அஸீம் தோஹாவிலிருந்து பேசினான். காரை வாங்க ஆள் கிடைத்துவிட்டதாம். கண்டியில் ஒருவர், பழைய கார்கள் சேர்க்கிறவர். வீட்டுக்குள்ளேயே துக்கம் காக்கும் என் இத்தா முடிந்த மறுநாள் வந்து பார்த்து எடுத்துக்கொண்டு போவார். அதற்கு முன் இரண்டு விஷயம் வேண்டுமாம். எஞ்சின் நம்பர், காரின் பதிவுப் புத்தகத்தில் உள்ளதோடு ஒத்துப் போகிறதா என்று. அப்புறம், எஞ்சின் ஓடும் சத்தம், போனில் பதிந்து.

"உம்மா, ஓடாம நிண்டா துருப் புடிச்சிப் போயிரும். ஒங்களுக்கும் ஓட்டத் தெரியா."

உண்மைதான். சரி என்றேன். 

போனை வைத்துவிட்டுக் கொட்டகைக்குப் போய் நின்றேன். என் வீட்டுக்காரர் கடைசியாக நிறுத்திய இடத்திலேயே கார் நிற்கிறது. எப்போதும் பின்பக்கமாகத்தான் உள்ளே விடுவார், காலையில் நேராக எடுத்துக்கொண்டு போக. அன்று மூக்கு உள்ளே, கொஞ்சம் கோணலாக. வஹகோட்டையில் வியாபாரத்துக்கு மிளகு நிறுத்து வாங்கிவிட்டு, நெஞ்சு வலியோடு தானே ஓட்டிக்கொண்டு வந்தார். பின் ஸீட்டில் இன்னும் கராம்பு வாசம்.

அவர் வருவது எனக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். கீழே மதகடியில் திரும்பும்போதே ஒரு சத்தம். டிக், டிக், டிக். வேறு எந்தக் காருக்கும் கிடையாது. கேட்டதும் அடுப்பில் தண்ணீர் வைப்பேன். அவர் செருப்பைக் கழற்றும்போது, அவருக்குப் பிடித்த மாதிரி இஞ்சி தட்டிப் போட்ட ப்ளேன்டீ மேசையில் இருக்கும். முப்பத்தொரு வருடம் அப்படி. அந்த ஒரு நாள் மட்டும் கேட்கவில்லை. பிளெண்டரில் தேங்காய் அடித்துக்கொண்டிருந்தேன். திரும்பினால் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். "டீ வெக்கல்லயா" என்றார். இந்த வீட்டில் அவர் பேசிய கடைசிப் பேச்சு அது. அன்று பின்னேரம், அஸர்த் தொழுகைக்குப் பிறகு, ஆஸ்பத்திரியில் மௌத்தானார்.

கார் போகட்டும். போவதற்கு முன் ஒரே ஒரு தடவை சமையலறையில் நின்று அந்தச் சத்தத்தைக் கேட்க வேண்டும். வேறு ஒன்றும் வேண்டாம்.

பால்மா முடிகிறது. கேஸ் பத்து நாளைக்கு வரும்.


ஒக்டோபர் 8, புதன். இ. 97

ஸீனத்திடம் சொன்னேன். என் வீட்டுக்காரரின் தங்கை. தன் புருஷன் மௌத்தான பிறகு பன்னிரண்டு வருடமாக எங்களோடுதான். அவளும் நான்கு மாதமும் பத்து நாளும் இத்தா இருந்து முடித்தவள், அதனால் இந்த வீட்டில் சட்டதிட்டம் எல்லாம் அவள் கையில்.

"மச்சி, இத்தாவுல ஈக்கிற பொம்பிள காரோட வயித்துக்குள்ள கைய விடலாமா?"

கூடாது என்று எங்கே இருக்கிறது, காட்டு என்றேன். அத்தர் கூடாது, மருதாணி கூடாது, நகை கூடாது. கிரீஸ் பற்றி யாரும் ஒன்றும் சொல்லி வைக்கவில்லை. அவளுக்குச் சிரிப்பு வந்தது, காட்டிக்கொள்ளவில்லை. மௌலவியின் மனைவிக்குப் போன் எடுத்தாள். வீட்டு எல்லைக்குள் என்றால் குற்றமில்லையாம். வேற்று ஆணோடு தேவைக்குப் பேசலாம், நடுவில் மறைப்பு இருக்க வேண்டும்.

மறைப்பு இருக்கிறது. கொட்டகையின் ஒரு பக்கச் சுவர் தகரம், அதற்கு அந்தப் பக்கம் பாதை.

சிவலிங்கம் பாஸுக்குச் சொல்லியாயிற்று. அலுவிகாரைப் பக்கம், மெயின் ரோட்டில் கராஜ். தோட்டத்து லொறிகளில் தொழில் பழகியவர். முப்பத்தொரு வருடமாக இந்தக் காருக்கு அவர்தான் வைத்தியர். தகரத்துக்கு வெளியே அவர், உள்ளே நான், நடுவில் கதிரை போட்டு ஸீனத். அவர் சொல்வார், நான் செய்வேன். "கண்ணு எதுக்கு டீச்சர், காது போதும்" என்றாராம் போனில்.

கணக்கு டீச்சர். முப்பத்து நாலு வருடம் பிள்ளைகளுக்குப் பின்னம் சொல்லிக் கொடுத்தேன். ஸ்பேனரை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாது.


ஒக்டோபர் 9, வியாழன். இ. 98

பத்து மணிக்குத் தகரத்தில் மூன்று தட்டு. சி.பா. (சிவலிங்கம் பாஸ்) வந்துவிட்டார்.

காருக்குள் என் வீட்டுக்காரர் வைத்திருந்த சாமான் பெட்டியைத் திறந்தேன். பெட்டி இல்லை, கராம்புச் சாக்கு. உள்ளே:
ஸ்பேனர் 9
ப்ளக் கழற்றும் குழாய்ச் சாவி
அளவுத் தகடு ஒரு கட்டு, விசிறி மாதிரி விரிவது. ஒவ்வொரு தகட்டிலும் அதன் கனம் வெட்டியிருக்கிறது. ஃபீலர் என்று பெயராம்
பழைய பனியன் துண்டுகள் (நான் தேடிக்கொண்டிருந்தது இரண்டு)
புளிப்பு டொபி, உறை பிரிக்காதது, 4. சீனி வியாதிக்காரர் ஒளித்து வைத்தது. யாரோடு சண்டை பிடிப்பேன் இப்போது.

முதல் வேலை, நம்பர். டைனமோவுக்கு மேலே ப்ளொக்கில் ஒரு சின்னத் தகடு பதித்திருக்கும் என்றார். அங்கே தகடு எதுவும் இல்லை, தார் மாதிரி அழுக்குத்தான். மண்ணெண்ணெயும் பழைய பல் தூரிகையுமாக அரை மணி. பச்சை பெயின்ட் தெரிந்தது, அப்புறம் எழுத்து. ஒன்பது, எம், யூ, எல், பிறகு எண்கள். சத்தமாக வாசித்தேன்.

தகரத்துக்கு அந்தப் பக்கமிருந்து விளக்கம் வந்தது. ஒன்பதில் தொடங்கினால் தொள்ளாயிரத்து நாற்பத்தெட்டு சீசீ. பத்தில் தொடங்கினால் பிறகு வந்த பெரிய எஞ்சின். எல் என்றால் அழுத்தம் குறைந்த வகை, சாதா பெட்ரோலையே முணுமுணுக்காமல் குடிக்கும். புத்தகத்தை ஸீனத் வாசித்தாள், நான் தகட்டைப் பார்த்தேன். எல்லா இலக்கமும் ஒன்று. வேறு எஞ்சின் மாற்றவில்லை, பிறந்த எஞ்சினேதான்.

ஆக 948. இத்தனை வருடமும் ஊர் முழுக்க "நம்மட கார் ஆயிரம் சீசீ" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். காரின் பின்னால் ஆயிரம் என்று எழுதியிருக்கிறதாம், அது சாட்சி. கணக்கு டீச்சரைக் கட்டிக்கொண்டு ஐம்பத்திரண்டு சீசீ கூட்டிச் சொல்லியிருக்கிறார். இன்று மட்டும் வீட்டில் இருந்திருந்தால் இரவுச் சாப்பாடு வரை விட்டிருக்க மாட்டேன்.

நாலு ப்ளக்கும் கழற்றினேன். கறுப்பு. தேய்த்துக் கழுவி வைத்தேன். துவாரங்களில் ஆளுக்கு ஒரு கரண்டி எண்ணெய் விட்டு ஊற விடச் சொன்னார். மூன்று மாதம் நின்ற எஞ்சினைச் சும்மா சுற்றக் கூடாதாம், உள்ளே காய்ந்திருக்குமாம்.

இரவு சோற்றில் மண்ணெண்ணெய் வாசம். ஸீனத் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டாள்.


ஒக்டோபர் 13, திங்கள். இ. 102

மழை விட்டு வெயில். குரங்குகள் பலாவில்.

சார்ஜ் போட்ட பெட்டரி தள்ளுவண்டியில் வந்து கேட்டடியில் இறங்கியது. சி.பா. பின்வாங்கிக் குரல் கொடுத்த பிறகு நானும் ஸீனத்தும் ஆளுக்கொரு பக்கம் தூக்கிக்கொண்டு வந்தோம். இரண்டு பேருக்கும் சேர்த்து நூற்றிருபது வயது. நடுவில் மூன்று இடத்தில் வைத்துவிட்டு மூச்சு வாங்கினோம்.

பழைய பெட்ரோலை வடித்தேன். புதியது ஊற்றினேன், கழுவி வைத்த ப்ளக்கையும் வயரையும் மாட்டினேன். சாவியைத் திருப்பினேன்.

டிக். டிக். டிக். டிக்.

அப்படியே நின்றுவிட்டேன். முகமெல்லாம் சூடு. பிறகு அது மெதுவாகி நின்றது. "அது பெட்ரோல் பம்பு டீச்சர். கார்புரேட்டர் நெறைஞ்சா நின்னுரும்" என்றார். ஓ என்றேன். வேறு என்ன சொல்வது. இது அந்தச் சத்தம் இல்லை, இது மெலிந்தது, கடிகாரத்தைப் போல.

பெட்ரோலைக் கூட்டும் சொக் பிடியை இழுத்து ஸ்டார்ட் செய்தேன். எஞ்சின் இரண்டு தரம் தும்மியது, பிறகு பின்னால் குழாயில் ஒரு வெடி. பலாவில் ஒரு குரங்கு மிச்சமில்லை. ஸீனத் கலிமா சொல்லிக்கொண்டு கதிரையோடு எழும்பினாள். தகரத்துக்கு அந்தப் பக்கமிருந்து சி.பா. கேட்டார்.

"டீச்சர், ப்ளக் வயர எந்த வரிசையில மாட்டுனீங்க?"

இது என்ன கேள்வி. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு.

அவர் சிரிக்கவில்லை, மரியாதையான மனுஷன். இந்த எஞ்சின் வெடிக்கும் வரிசை ஒன்று, மூன்று, நாலு, இரண்டு என்றார். ஒரு ஓரத்திலிருந்து வரிசையாக வெடித்தால் ஆட்டம் கூடும், அதற்காக அப்படியாம். கழற்றும்போது வயர்களில் அடையாளம் கட்டாதது என் பிழை. முப்பத்து நாலு வருடம் பிள்ளைகளுக்கு வரிசையாக எண்ணச் சொல்லிக் கொடுத்தவளுக்கு எஞ்சின் கொடுத்த மார்க் பூச்சியம்.

மூன்று மணி இடி. நிறுத்திவிட்டோம்.


ஒக்டோபர் 14, செவ்வாய். இ. 103

1, 3, 4, 2. மூடியில் பெயின்டால் எழுதிவிட்டேன்.

பதினொன்று பத்துக்கு ஓடியது. மறக்காமல் எழுதி வைக்கிறேன். ஸ்டார்ட் ஆனது, கொட்டகை முழுக்கப் புகை, தகரம் அதிர்ந்தது, பொனட் திறந்தபடி. எண்ணெய் எரியும் நாற்றம், அதோடு ஒரு கடகடப்பு, கரகரப்பு, எது எங்கிருந்து வருகிறதென்று தெரியாத இரைச்சல். அரை நிமிடம்தான். நின்றுவிட்டது. மறுபடி ஸ்டார்ட் செய்தோம். மறுபடி அரை நிமிடம்.

அழுதேன், ஆனால் இது வேறு அழுகை. ஓடுகிறதே என்று.

அந்தச் சத்தம் கேட்டதா என்று யோசித்துப் பார்க்கிறேன். இவ்வளவு கிட்ட நின்று அதை நான் கேட்டதே இல்லை. எனக்கு அது மதகடியிலிருந்து, சமையலறை ஜன்னல் வழியாக வரும் சத்தம். இரைச்சலுக்குள் தேடிப் பிடிக்கத் தெரியவில்லை. சீராக ஓட ஆரம்பித்தால் கேட்கும் என்று நினைக்கிறேன்.

சி.பா. வெளியிலிருந்தே எல்லாம் கேட்டுவிட்டார். காற்றும் பெட்ரோலும் சரியில்லை, அது சின்ன வேலை. டெப்பட் சத்தம் அதிகம். வால்வை அமுக்கும் கைக்கும் வால்வுக்கும் நடுவில் ஒரு மயிரிழை இடைவெளி வேண்டும், அது கூடினால் தட்டும். வாங்குகிறவன் அதைக் கேட்டால் குறை சொல்வானாம். வியாழக்கிழமை எட்டு வால்வையும் சரி செய்வோம் என்றார். ஒரு கணம் நிறுத்தி, செய்வோமா என்று கேள்வியாகவும் கேட்டார். ஏன் கேட்கிறார், செய்யத்தானே வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு ஆமாம் என்றேன்.


ஒக்டோபர் 16, வியாழன். இ. 105

நல்ல வெயில். இந்த மூன்று மாதத்தில் எனக்கு மிகவும் பிடித்த நாள் இன்றுதான். வெட்கப்படாமல் எழுதுகிறேன்.

மேல் மூடியைக் கழற்றினால் எட்டு வால்வும் ஒரே வரிசையில், வகுப்பில் நிற்கிற பிள்ளைகள் மாதிரி. ப்ளக்கைக் கழற்றிவிட்டு முன்னால் ஹேண்டிலைப் போட்டுச் சுற்ற வேண்டும். சுற்றும்போது ஒவ்வொன்றாகக் கீழே அமுங்கி எழும்புகிறது. சி.பா. சொல்ல ஆரம்பித்தார். எட்டாவது முழுசாக அமுங்கி நிற்கும்போது ஒன்றாவதைச் சரி செய்ய வேண்டும். ஏழாவது அமுங்கும்போது இரண்டாவதை.

"ஆறு அமுங்கினா மூணு" என்றேன். "கூட்டினா ஒம்பது வரணும்."

"டீச்சருக்கு நா சொல்லிக் குடுக்கிறதா" என்றார். குரலில் சந்தோஷம்.

அளவு பன்னிரண்டு, அங்குலத்தின் ஆயிரத்தில் பன்னிரண்டு. அந்தக் கனமுள்ள தகட்டை இடைவெளியில் விட்டு, ஸ்க்ரூவைத் திருப்பி, நட்டை இறுக்க வேண்டும். தகடு வழுக்கிக்கொண்டும் போகக் கூடாது, சிக்கிக்கொள்ளவும் கூடாது. ஈரம் பட்டு ஒட்டிய இரண்டு தாளைப் பிரிப்பது போல வர வேண்டும். முதலாவதற்கு இருபது நிமிடம் எடுத்தேன். எட்டாவதற்கு மூன்று.

ஏழு ஓரளவுக்குச் சரியாகவே இருந்தன. மூன்றாவது மட்டும் பெரிய லூஸ், தகடு விட்டதும் தெரியாமல் ஆடியது. இவ்வளவு கவனமான மனுஷன் இதை எப்படி விட்டார் என்று சொன்னேன். சி.பா. அளவை மட்டும் மறுபடி சொன்னார். அதையும் பன்னிரண்டுக்கு இறுக்கினேன்.

மூடியும் ப்ளக்கும் போட்டு, சி.பா. சொன்னபடி காற்றையும் பெட்ரோலையும் திருத்தி, ஸ்டார்ட் செய்தேன். என்ன ஓட்டம். கொட்டகையில் நின்றே பேசலாம். ரேடியேட்டர் மேல் ஸீனத் ஒரு கிளாஸ் தண்ணீர் வைத்தாள், தளும்பவில்லை. போனில் பதிந்து அனுப்பினோம், நம்பர் தகட்டின் படத்தோடு.

மாலையில் அஸீம் பேசினான். கண்டிக்காரர் இரண்டு முறை போட்டுக் கேட்டாராம். இவ்வளவு சுத்தமான எஞ்சின் பார்த்து நாளாயிற்று, வேறு யாருக்கும் வாக்குக் கொடுக்க வேண்டாம் என்றாராம். யார் செய்தது என்று கேட்டாராம். உம்மா என்று அஸீம் சொன்னானாம். அவர் நம்பவில்லை.

பெருமையாகத்தான் இருந்தது.


ஒக்டோபர் 17, வெள்ளி. இ. 106

எஞ்சினை ஓட விட்டுவிட்டு சமையலறைக்கு வந்தேன். அஸர் நேரம், அவர் வருகிற நேரம். பார்த்துத்தான் அந்த நேரத்தில் வைத்தேன். ஜன்னலடியில் நின்றேன்.

ஒன்றும் இல்லை. ம்ம்ம் என்று ஒரு ஓட்டம், யாருடைய காரும் போடுகிற சத்தம். பக்கத்து வீட்டு வேன் இல்லை என்று சத்தியம் பண்ண முடியாது.

ஐந்து நிமிடம் நின்றேன். சூடாகட்டும் என்று இன்னும் ஐந்து.

அப்போதுதான் புரிந்தது. அந்த டிக் டிக் காருடைய குரல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது குரல் இல்லை, பழுது. மூன்றாவது டெப்பட். நேற்று என் கையாலேயே, இரண்டு தாள் ஒட்டிய மாதிரி வரும்வரை பார்த்துப் பார்த்து, சந்தோஷமாக அதை இறுக்கி முடித்தேன்.

அன்று பிளெண்டர் ஓடியதால் கேட்கவில்லை. இன்று நானே இல்லாமல் ஆக்கிவிட்டதால் கேட்கவில்லை.

போய்ச் சாவியைத் திருப்பி நிறுத்தினேன். மஃரிப் தொழுகையில் எந்த ரக்அத் என்று மறந்துபோயிற்று. அவர் இல்லாமல் எனக்கு முடியவில்லை. இதுவரை இந்த நோட்டில் இப்படி எழுதவில்லை. இன்று எழுதுகிறேன்.


ஒக்டோபர் 19, ஞாயிறு. இ. 108

மழை. நாள் முழுக்க.

சேலை காயவில்லை. கேஸ் மாற்றியாயிற்று. ஸ்டோரில் மிளகுச் சாக்கு இரண்டு பூஞ்சணம் பிடிக்கும் போல, ஸீனத் ஆள் பிடித்துப் பரத்தச் சொல்கிறாள்.

கொட்டகைக்குப் போகவில்லை.

ஸீனத் கேட்டாள், ஏன் மச்சி முகம் இப்படி என்று. தலைவலி என்றேன். தைலம் கொண்டுவந்தாள். வாசனைத் தைலம் கூடாது என்று ஞாபகம் வந்து திருப்பி எடுத்துக்கொண்டு போய், வெறும் நல்லெண்ணெயோடு வந்தாள்.


ஒக்டோபர் 20, திங்கள். இ. 109

தீபாவளி. சி.பா.வின் மனைவி முறுக்கும் தேங்காய்ப்பால் அரியதரமும் கொண்டுவந்தார். பெண் என்பதால் உள்ளேயே வந்து உட்கார்ந்தார். ஒவ்வொரு வருடமும் முதலாளிதான், அதாவது என் வீட்டுக்காரர், கராஜுக்கு வந்து முதல் முறுக்கை எடுப்பாராம், காரை நிறுத்தாமல், ஜன்னலால் கையை நீட்டி. இந்த வருடம் சி.பா. காலையிலிருந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம்.

சீனி வியாதிக்காரர் அரியதரத்தையும் விட்டிருக்க மாட்டார்.

நாளை பாஸை ஒரு தரம் வரச் சொல்லுங்கள் என்றேன். வேலை முடிந்துவிட்டதே என்றார். கேட்க ஒன்று இருக்கிறது என்றேன்.


ஒக்டோபர் 21, செவ்வாய். இ. 110

தகரத்தில் மூன்று தட்டு. ஸீனத் தஸ்பீஹ் மணியோடு கதிரையில்.

நேராகக் கேட்டேன். மூன்றாவது டெப்பட் அவ்வளவு லூஸாக இருந்தது உங்களுக்கு முதலே தெரியுமா.

 பாதையில் ஒரு ஆட்டோ போனது. பிறகு சொன்னார், அவர் சொன்னபடியே எழுதி வைக்கிறேன்:

"தெரியும் டீச்சர். நா எத்தனையோ தடவ இறுக்கிக் குடுத்திருக்கேன். வீட்டுக்குப் போகாமலே திரும்பி வந்து நிப்பாரு, மூணாவத லூஸ் பண்ணி விடுன்னு. எஞ்சினுக்குக் கூடாது மொதலாளின்னு சொன்னேன். அவரு சொன்னாரு, இந்தச் சத்தம் இல்லாட்டி நா வாறது வீட்டுல ஆளுக்குத் தெரியாமப் போயிரும், டீ ஆறிப் போனாலும் பரவாயில்ல, அவ காத்துக்கிட்டு இருக்கக் கூடாதுன்னாரு."

ஸீனத்தின் மணி உருளுவது நின்றது.

அன்றைக்குச் செய்வோமா என்று கேட்டது அதனால்தானாம். நான் ஆமாம் என்றதும், விற்கப் போகிற காருக்கு இது எதற்கு, டீச்சருக்கு வீண் வேதனை என்று சொல்லாமல் விட்டாராம். மன்னித்துக்கொள்ளச் சொன்னார். மன்னிக்க என்ன இருக்கிறது. தகரத்தில் கை வைத்தேன், சூடாக இருந்தது.

எவ்வளவு லூஸ் வைப்பீர்கள் என்று கேட்டேன். அளவு கிடையாதாம். முதலாளி ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்று கேட்பாராம். கூட்டு, குறை என்று கையைக் காட்டுவாராம். சரி என்றால் தலையாட்டுவாராம்.

முப்பத்தொரு வருடம் அது தற்செயல் என்று நினைத்திருந்தேன். என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆயிரம் சீசீ என்று ஊருக்கெல்லாம் சொன்ன மனுஷன்.


ஒக்டோபர் 22, புதன். இ. 111

காலையில் மேகம், மழை இல்லை.

சி.பா.வைக் கூப்பிடவில்லை. இது என் காதுக்கு வைத்த சத்தம், நான்தான் பார்க்க வேண்டும்.

மூடி கழற்றி, ப்ளக் கழற்றி, ஹேண்டில் போட்டு, ஆறாவது முழுசாக அமுங்கும் வரை சுற்றினேன். ஆறும் மூன்றும் ஒன்பது. மூன்றாவதின் நட்டைத் தளர்த்தினேன்.

முதலில் 18. மூடி போட்டு, ப்ளக் மாட்டி (1, 3, 4, 2), ஸ்டார்ட் செய்து, சமையலறைக்கு ஓட்டம். கேட்கிறது, ஆனால் வெட்கப்படுகிறது. இது அவர் இல்லை.

நிறுத்தி, ஆற விட்டு, மறுபடி. இரண்டு தகடு சேர்த்து 25. கடகடவென்று தையல் மிஷின். இதுவும் இல்லை. ஸீனத் சமையலறையில் பருப்பு தாளித்துக்கொண்டிருந்தாள், தலையைக்கூடத் திருப்பவில்லை.

லுஹர் தொழுகை. சாப்பாடு. முதுகு வலி.

நடுவில் அஸீம் போன் எடுத்தான். கண்டிக்காரர் இன்னும் ஒரு வீடியோ கேட்கிறாராம். கார் விற்பதற்கில்லை, அவரிடம் என் சார்பில் மன்னிப்புக் கேள் என்றேன். விளங்கப்படுத்த முயன்றேன். பாதியில் விட்டுவிட்டேன்.  பிறகு, ஓட்டவும் தெரியாமல் அதை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டான், கோபமாக இல்லை.

"கேக்கத் தெரியுமே மகன்."

 அவனுக்கும் அந்தச் சத்தம் தெரியும். சின்ன வயதில் அதைக் கேட்டுத்தான் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு படிப்பதுபோல உட்காருவான். சரி உம்மா என்றான். வாராவாரம் ஓட விடுங்கள் என்றான். நடுவில் மூக்கை உறிஞ்சினான்.

மூன்றரைக்கு மறுபடி. 22. பன்னிரண்டும் பத்தும். ஸ்க்ரூவைப் பிடித்துக்கொண்டே நட்டை இறுக்கினேன், கை நழுவவில்லை. மூடி. ப்ளக். எஞ்சினும் ஆறியிருந்தது, வெயிலும் ஆறியிருந்தது. அஸருக்கு பாங்கு சொல்லி முடித்திருந்தார்கள்.

ஸ்டார்ட் செய்தேன். கிட்ட நின்று கேட்டு ஒன்றும் தெரியாது என்று இப்போது தெரியும். கொட்டகைக் கதவைத் திறந்து வைத்துவிட்டு, சமையலறைக்குப் போகாமல், கேட்டடி வரை நடந்து போனேன். எல்லையைத் தாண்டவில்லை. அங்கே நின்று திரும்பினேன்.

டிக், டிக், டிக்.

அதுதான். மதகடியில் திரும்புகிற அதே சத்தம். கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. வாங்க என்று சொன்னேன், வாய்விட்டு. யாரும் பக்கத்தில் இல்லை.

நிறுத்திவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, பின்கதவால் உள்ளே வந்தேன். ஸீனத்திடம் நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை. அடுப்பில் கேத்தலின் மூடி ஆடிக்கொண்டிருந்தது. அவள் எனக்கு முதுகைக் காட்டியபடி, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இஞ்சி தட்டிக்கொண்டிருந்தாள். எங்கள் இரண்டு பேருக்கும் இஞ்சி ஆகாது.

மேசையில் மூன்று கோப்பை.